வெள்ளை வண்டி எல்லாம் படப்பை போகும்

இரண்டு வாரத்துக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை, என்னைப் போலீஸ் பிடித்தது.

உடனே எழுதினால் கோபத்தில் ஏதாவது எழுதிவிடுவேன், ஆறட்டும் என்று போன வாரம் மாடித் தோட்டத்துக் கத்தரிக்காய் பற்றி எழுதி ஒப்பேற்றினேன். ஆறவில்லை. கத்தரிக்காயும் சரியாக வரவில்லை.

பதற வேண்டாம். திருட்டு இல்லை, அடிதடி இல்லை. இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்து யாராவது கோபப்பட்டுப் புகார் கொடுத்தார்களோ என்றால், அந்த அளவுக்கு இதை யாரும் ஊன்றிப் படிப்பதாகத் தெரியவில்லை. என் சொந்த வண்டியில், என் சொந்த மனைவியோடு, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

வண்டியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். வெள்ளை ஆம்னி வேன். படப்பைக்கு அப்பால் மனை வாங்கி வீடு கட்டியவர்களில் நானும் ஒருவன். மனை விற்ற நோட்டீஸில் ‘பஸ் வசதி உண்டு’ என்று போட்டிருந்தார்கள். உண்டுதான். மெயின் ரோட்டில் உண்டு. மெயின் ரோடு வரை நடப்பதற்கு முழங்கால் என்று ஒன்று வேண்டும். என் மனைவி வசந்தாவுக்கு அது இரண்டும் சரியில்லை.

பஸ் படி அவளுக்கு எட்டாது. ஆட்டோவில் பள்ளத்துக்குப் பள்ளம் ‘அம்மா’ என்கிறாள். ஆம்னி மட்டும்தான் ஒத்து வந்தது. தரை தாழ்ந்திருக்கிறது, பக்கவாட்டில் கதவை முழுதாகத் தள்ளலாம். நான் ஒரு நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூலைக் கீழே வைப்பேன். அதில் ஒரு கால், பிறகு வண்டிக்குள் ஒரு கால், பிறகு கம்பியைப் பிடித்து ஒரு மூச்சு. உட்கார்ந்துவிடுவாள். இந்த வண்டி வந்த பிறகுதான் அவள் கோயிலுக்குப் போனாள், கல்யாணத்துக்குப் போனாள். செவ்வாயும் வெள்ளியும் ஸ்ரீபெரும்புதூரில் பிசியோதெரபிக்குப் போகிறாள். வண்டி இல்லை என்றால் ஹாலும் சமையலறையும்தான் அவளுக்கு ஊர்.

எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். எண்ணாதே என்று நீங்கள் எழுதிய கடிதங்களையும் எண்ணி வைத்திருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாக எங்கள் வீடு வரை பதினான்கு வேகத்தடை. அதில் ஒன்பது கம்பெனி வாசல்களுக்கு எதிரே. எந்தக் கம்பெனியில் எத்தனை மணிக்கு ஷிப்ட் விடுகிறது என்பது எனக்கு அத்துப்படி. தெரிந்து வைத்துக்கொண்டால்தானே தப்பிக்க முடியும்?

எதிலிருந்து தப்பிக்க என்று வெளியூர் வாசகர்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

இந்த ரோட்டில் கம்பெனி பஸ் பெர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும். கான்ட்ராக்ட் ஆட்கள், ட்ரெய்னிகள், கேன்டீனில் வேலை செய்கிறவர்கள், கக்கூஸ் கழுவுகிறவர்கள் எல்லோரும் ரோட்டில் நிற்க வேண்டியதுதான். டவுன் பஸ் எப்போது வரும் என்று டவுன் பஸ்ஸுக்கே தெரியாது. அதனால் ஷேர் வேன் ஓடுகிறது. ஷேர் சுமோ ஓடுகிறது. கம்பெனி ஆபீசர்களை இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டிக்காரர்களும் நாலு பேரை அள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். எல்லாமே வெள்ளை வண்டி. ஏன் எல்லாவற்றையும் வெள்ளையாகவே வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு ஒரே கணக்குதான்: வெள்ளையாக இருந்தால் அது படப்பை போகும்.

கை காட்டி, நிறுத்தி, கேட்டு ஏறுகிற வழக்கமெல்லாம் இங்கே கிடையாது. வேகத்தடையில் வண்டி மெதுவாகும். கதவு திறக்கும். ஏறிவிடுவார்கள். ஏறி, உட்கார்ந்து, டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் கேட்பார்கள், “படப்பை போவுமில்ல?”

எங்கள் ஆம்னியில் பக்கவாட்டுக் கதவின் பூட்டு போய் வெகு நாளாகிறது. நான் என்ன செய்வேன்?

அன்றைக்கு பிசியோதெரபி இடத்தில் கரண்ட் போய்விட்டது. மெஷின் நின்றுவிட்டது. கரண்ட் வரட்டும் என்று காத்திருந்து புறப்பட்டதில் என் கணக்கு எல்லாம் தப்பி, சரியாக மூன்று மணி ஷிப்டில் போய் மாட்டினேன். ஒரகடம் தாண்டி முதல் வேகத்தடை. கதவு திறந்தது.

முதலில் ஏறியது அஞ்சலை. மணிமங்கலத்துக்காரி. ஒரு கம்பெனியில் தரை துடைக்கிற வேலை. எங்கள் வண்டியில் அவளுக்கு இது ஐந்தாவது தடவை. வசந்தாவுக்கு அவளைப் பிடிக்கும்.

“இன்னாம்மா, முட்டி எப்புடி கீது?” என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தாள்.

அவள் பின்னாலேயே ஒரு பையன். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை. சங்கரன்கோவில் பக்கம், பெயர் இசக்கிமுத்து. ஏறிய அரை நிமிஷத்தில் வசந்தா கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

“ஐயா, படப்பை போவுமாய்யா?” என்றான் பையன்.

“போகும். ஆனா இது ஷேர் வேன் இல்லைப்பா” என்றேன்.

“செரிங்கய்யா” என்று சொல்லிவிட்டு வசதியாகச் சாய்ந்துகொண்டான்.

இறக்கிவிட்டிருக்கலாம். நானும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் நினைக்கிறேன். அதற்குள் வசந்தா யாருக்காவது கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறாள்.

கொஞ்ச தூரம் போயிருப்போம். பின்னால் ஹார்ன். ஒன்று, இரண்டு... ஏழு ஹார்ன். ஒரு வெள்ளைச் சுமோ. பக்கத்தில் வந்தது. உள்ளேயிருந்து கோடு போட்ட சட்டைக்காரர் ஒருவர் கையை வெளியே நீட்டி, ஓரம் கட்டு என்று சைகை காட்டினார்.

நான் ஓரம் கட்டவில்லை.

நீங்கள் கட்டுவீர்களா? சுமோவில் போலீஸ் என்று எழுதவில்லை. மேலே விளக்கு இல்லை. வந்தவர் காக்கி போடவில்லை. ‘போலீஸ்’ என்று சொல்லி வழிமறித்து, ‘இந்தப் பக்கம் திருட்டு பயம், நகையைக் கழற்றிப் பேப்பரில் மடித்து வையுங்கள்’ என்று அன்பாகச் சொல்லி, மடித்த பேப்பரில் கூழாங்கல்லை வைத்துக் கொடுத்துவிட்டுப் போகிற கதைகளை நாம் எத்தனை கேட்டிருக்கிறோம்? எங்கள் மனைப்பிரிவிலேயே இரண்டு வீட்டில் நடந்திருக்கிறது. வசந்தாவின் கழுத்தில் செயின். ரோட்டில் இரண்டு பக்கமும் பொட்டல் காடு.

“அடுத்த கம்பெனி வாசல்ல டீக்கடை இருக்கு. ஆள் நடமாட்டம் இருக்கும். அங்க நிறுத்துறேன்” என்றேன்.

“புள்ள புடிக்கிறவன் மாதிரிதான் கீறான், நிறுத்தாத சார்” என்றாள் அஞ்சலை.

ஆக, நாற்பதைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே போனேன். சுமோ பின்னாலேயே ஹார்ன் அடித்தபடி வந்தது. டீக்கடை எதிரே நிறுத்தினேன். சுமோ எனக்கு முன்னால் குறுக்கே வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். கோடு போட்ட சட்டைக்காரர், அவருக்குப் பின்னால் டிரைவர். டிரைவர் சட்டையை மாற்றியிருந்தாரே தவிர, ஷூவையும் முடிவெட்டையும் மாற்றவில்லை. அதைப் பார்த்ததும்தான் இது நிஜப் போலீஸ் என்று எனக்கு உறைத்தது.

“என்ன பெரியவரே, கை காட்டினா நிறுத்த மாட்டீங்களா? துரத்திப் பிடிக்கணுமா?” என்றார் கோடு போட்ட சட்டைக்காரர்.

“சார், நீங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“சப்-இன்ஸ்பெக்டர். ஸ்பெஷல் டீம்.” கார்டை எடுத்தார், திறந்தார், மூடினார். ஒரு கொட்டாவி விடுகிற நேரம்கூட இல்லை.

“சார், மறுபடி ஒரு தடவை காட்ட முடியுமா? கண்ணாடி மாத்திக்கிறேன்.”

காட்டினார். அவருடைய முகத்தைவிட போட்டோவில் இருந்த முகம் சிரித்த முகமாக இருந்தது. அதைச் சொல்லவில்லை.

“போலீஸ் வண்டின்னு தெரிஞ்சும் ஏன் நிறுத்தல?”

“தெரியலையே சார்.”

“தெரியக் கூடாதுன்னுதான் இந்த வண்டி!”

இந்த நியாயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. யாருக்கும் தெரியக் கூடாது என்று ஒரு வண்டி. எனக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் அவர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? என்மேல் ஏன் கோபப்பட வேண்டும்?

அவர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு நம்பர் பிளேட்டைப் பார்த்தார். வெள்ளையில் கறுப்பு எழுத்து. சொந்த உபயோகத்துக்கு மட்டும். வாடகைக்கு ஓட்டுகிறவன் மஞ்சள் பிளேட் போட வேண்டும், பெர்மிட் எடுக்க வேண்டும். எடுக்காமல் ஓட்டுகிறவர்களைப் பிடிக்கத்தான் அந்த மஃப்டி சுமோ அலைகிறதாம்.

“ஓன் போர்டு வண்டியில ஷேர் அடிக்கிறீங்க. இவங்க யாரு, சொந்தக்காரங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தா சொன்னாள். அவளுக்குப் பொய் வராது. நாற்பது வருஷமாக நானும் சொல்லிப் பார்க்கிறேன். “இல்லைங்க. அஞ்சலை எப்பவும் ஏறுவா. இந்தத் தம்பி இன்னைக்குத்தான் புதுசு.”

எப்பவும் ஏறுவா. நான் பல்லைக் கடித்தேன்.

“எப்பவும்?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர், மிட்டாய் கிடைத்த மாதிரி.

“அம்மா சும்மா இட்டுகினு போவுது சார். நீ வேற” என்றாள் அஞ்சலை. “பஸ்ஸு எங்க கீது, சொல்லு. அதுலயே போறேன்.”

இந்த இடத்தில்தான் இசக்கிமுத்து எனக்கு உதவி செய்ய வந்தான். நல்ல பையன். ஓசியில் வந்ததாகப் போலீஸ் நினைத்துவிடக் கூடாது என்று அவனுக்குக் கவலை. பாக்கெட்டில் கையை விட்டு, ஒரு ஐந்து ரூபாய்க் காசை எடுத்து, சப்-இன்ஸ்பெக்டரின் மூக்குக்கு நேராக நீட்டி, என் கையில் வைத்து அழுத்தினான்.

“ஏறுனவொடனே குடுத்திருக்கணும்யா. மறந்துட்டேன். துட்டு குடுக்காம வாரவன் இல்ல சார் நானு.”

காசு என் உள்ளங்கையில். மூன்று பேரும் அதையே பார்த்தோம்.

“வண்டியை ஸ்டேஷனுக்கு விடுங்க” என்றார் அவர். “ஆர்.டி.ஓ. வந்து பாத்துக்கட்டும்.”

ஸ்டேஷன் வளாகம் எனக்குத் தெரியும். மெயின் ரோட்டில் போகும்போது காம்பவுண்டுக்கு உள்ளே பார்த்திருக்கிறேன். பதினேழு வண்டி நிற்கிறது. ஒரு ஆட்டோவின் சீட்டில் எருக்கஞ்செடி முளைத்திருக்கிறது. ஒரு காருக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது. உள்ளே போன வண்டி எதுவும் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. எண்ணிக்கை ஏறும், இறங்காது. பதினெட்டாவதாக எங்கள் ஆம்னி... நீல ஸ்டூலோடு.

“சார், இவங்களுக்கு முழங்கால் முடியாது. இந்த வண்டி இல்லைன்னா வீட்டை விட்டு வெளிய வர முடியாது” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் வசந்தாவைப் பார்த்தார். கொஞ்சம் தணிந்தார். “அம்மாவை எங்க வண்டியில ஏத்திக்கிறோம். வீட்டுல இறக்கி விட்டுடுறோம்.”

சுமோவின் படி எவ்வளவு உயரம் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். என் பெல்ட் உயரம். வசந்தாவுக்கு அது திருப்பதி மலை.

“மொதல்ல இறங்கட்டும், பாத்துக்கலாம்” என்றார் அவர்.

ஸ்டூலை எடுத்து வைத்தேன். வசந்தா இறங்கத் தொடங்கினாள். அது ஒரு பெரிய நிகழ்ச்சி. முதலில் இடது காலைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும். பிறகு கம்பி. அஞ்சலை பின்னாலிருந்து தாங்கினாள். இசக்கிமுத்து ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டான். நான் கையை நீட்டினேன். சப்-இன்ஸ்பெக்டர் என்ன செய்வது என்று தெரியாமல் அவரும் ஒரு கையை நீட்டினார். அவருடைய டிரைவரும் சுமோவை விட்டுவிட்டு வந்து, “மெதுவாம்மா, மெதுவா” என்றார். ஐந்து பேரும் அந்த இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது சைரன் ஊதியது.

அது அந்தக் கம்பெனியின் மூன்றேகால் ஷிப்ட். எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் எனக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை.

வசந்தா ஸ்டூலின் மேல் நின்றிருந்தாள். அதனால் எங்கள் எல்லோரையும்விட ஒரு முழம் உயரம். அவள்தான் முதலில் பார்த்தாள்.

“ஏங்க... அவங்க வண்டியில யாரோ ஏறுறாங்க.”

திரும்பினோம். யாரோ இல்லை. எல்லோரும்.

கம்பெனி வாசலுக்கு எதிரே ஒரு வெள்ளைச் சுமோ. கதவு திறந்து கிடக்கிறது. ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? முன்சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தாகிவிட்டது. அதில் ஒருவர் வயர்லெஸ் பெட்டியின் மேல் டிபன் பாக்ஸை வைத்திருந்தார். நடு சீட்டில் நான்கு பெண்கள். பின்னால் எதிரெதிராக ஐந்து பேர். மொத்தம் பதினொன்று. பன்னிரண்டாவது ஆள் ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு, “கொஞ்சம் தள்ளி குந்துப்பா” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் ஓடினார். “ஏய்! இறங்கு! யாரைக் கேட்டு ஏறினீங்க?”

முன்சீட்டில் இருந்தவர் தலையை நீட்டினார். “டிரைவர் எங்கண்ணே? ஃபுல்லாயிடுச்சு. எடுக்கலாம்ல?”

“இறங்குய்யா கீழ!”

“இன்னாண்ணே, போலீஸ் மாதிரி மெரட்டற? அஞ்சு ரூபாதானே, இந்தா.”

அவரும் ஒரு காசை நீட்டினார். நடு சீட்டிலிருந்து ஒரு பெண்ணின் கை வந்தது. பின்சீட்டிலிருந்து மூன்று பேருடைய காசு கைமாறி கைமாறி முன்னால் வந்து சேர்ந்தது. “மூணு படப்பை” என்று யாரோ குரல் கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. கடைசியில் டிபன் பாக்ஸ்காரர் எல்லாவற்றையும் சேர்த்து, சப்-இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டார்.

அவர் கையைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

வசந்தா இன்னும் ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. அங்கே நின்றபடியே கேட்டாள். கிண்டலே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்கிறவள் மாதிரி.

“சார், இவங்கள்லாம் உங்களுக்குச் சொந்தக்காரங்களா?”

அஞ்சலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். டிரைவர் முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது.

சப்-இன்ஸ்பெக்டர் காசை டிபன் பாக்ஸ்காரரிடமே திருப்பிக் கொடுத்தார். சின்ன வயசுதான், முப்பதுகூட இருக்காது. பிறகு நடந்து வந்தார். என் பக்கத்தில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“அம்மாவை மறுபடி ஏத்துங்க சார்.”

பெரியவர் சார் ஆகிவிட்டார்.

“வண்டி...?”

“எடுத்துட்டுப் போங்க. கதவுக்கு மொதல்ல ஒரு பூட்டுப் போடுங்க.”

“சார், நீங்களும் வண்டியில போலீஸ்னு...”

“கிளம்புங்க சார்!”

வசந்தாவை மறுபடி ஏற்றினேன். அஞ்சலையும் இசக்கிமுத்துவும் ரோட்டில் நின்றார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். அவர் வேண்டுமென்றே டீக்கடைப் பக்கம் திரும்பி நின்றார். அஞ்சலைக்கு அவ்வளவு போதும். நான் ஸ்டூலை உள்ளே வைப்பதற்குள் இரண்டு பேரும் ஏறிவிட்டார்கள். இசக்கிமுத்துவிடம் அவனுடைய காசைத் திருப்பிக் கொடுத்தேன். அவனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கிளம்பியதும் கண்ணாடியில் பார்த்தேன். சுமோவிலிருந்து ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள், திட்டிக்கொண்டே. எண்ணினேன். பத்து பேர்தான் இறங்கினார்கள். பதினோராவது ஆள் பின்சீட்டில் தலையைச் சாய்த்து நல்ல தூக்கத்தில் இருந்தார். கதவைச் சாத்தினார்கள். சுமோ அவரோடு போய்விட்டது. அந்த மனிதர் எங்கே கண்விழித்தாரோ, அங்கே என்ன சொன்னாரோ... எனக்கு இன்னும் கவலையாகத்தான் இருக்கிறது.

அன்று முழுக்க யார்மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்காமல் ஏறுகிறவர்கள்மேலா? எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருகிறவர்கள், எதில்தான் ஏறுவார்கள்? அந்த சப்-இன்ஸ்பெக்டர்மேலா? அவருக்குச் சொன்ன வேலையை அவர் செய்தார். இவ்வளவு பெரிய கம்பெனிகளைக் கொண்டுவரத் தெரிந்தவர்களுக்கு, மூன்று மணிக்கு ஒன்று, மூன்றேகாலுக்கு ஒன்று என்று இரண்டு பஸ்ஸைக் கொண்டுவரத் தெரியவில்லையே, அவர்கள்மேல் கோபப்படலாம். அவர்கள் எந்த வண்டியில் போகிறார்கள் என்று தெரிந்தால் நானும் ஹார்ன் அடித்து ஓரம் கட்டச் சொல்வேன்.

கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன். நல்ல பூட்டு. போன செவ்வாய்க்கிழமை அதே வேகத்தடையில் அஞ்சலை கதவை இழுத்தாள். திறக்கவில்லை. எனக்குப் பரம திருப்தி. அடுத்த நொடி வசந்தா கையை நீட்டி உள்ளேயிருந்து திறந்துவிட்டாள்.

“பாவம், வெயில்ல நிக்கிறா” என்றாள்.

நேற்றும் அந்த வழியாக வந்தோம். டீக்கடைக்கு எதிரே அதே வெள்ளைச் சுமோ. இந்தத் தடவை எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. முன்கண்ணாடியில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, கொட்டை எழுத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தார்கள்: ‘படப்பை போகாது.’

ஒருவர் டிபன் பாக்ஸோடு ஜன்னலில் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்: “அப்ப மணிமங்கலம் போவுமாண்ணே?”